பங்கு யாருட பேரில கிடக்கு?

போன வருஷம் மாரி தொடங்கின கிழமை. கல்லடிப் பழைய பாலத்தடியில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு எந்தப் புத்தகம் எடுப்பது என்று கதைத்துக்கொண்டிருக்கும்போது, எங்களில் ஒருத்தியின் போனுக்கு கனடாவில இருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அனுப்பியது அவளுடைய மச்சான். சத்தமாகப் போட்டுக் கேட்டோம்.

"மச்சாள், ஒரு சின்னக் கம்பனி கிடக்கு. எயார்லைனுகளுக்கு சொப்ட்வெயார் செய்யிறவங்க. இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா விலை ஏறிரும். ரெண்டு வருஷம் பொறு, அஞ்சு மடங்கு. அம்மாட காசு பேங்கில சும்மாதானே கிடக்கு?"

கேட்டு முடிய எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். "மூண்டு லட்சம் எண்டா பதினைஞ்சு லட்சம்" என்று ஒருத்தன் கணக்குப் பார்த்தான். "எயார்லைன் எண்டா நல்ல பீல்ட்தானே" என்றாள் இன்னொருத்தி. எயார்லைன் சொப்ட்வெயார் என்றால் என்ன என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஏழு பேரில் ஐந்து பேர் விமானத்தில் ஏறியதே இல்லை. 2018 மார்ச்சில் மட்டக்களப்பு விமான நிலையத்தைப் பொதுமக்கள் சேவைக்குத் திறந்தபோது, பள்ளிக்கூட உடுப்போடு நின்று வாவிக்கு மேலால் சின்ன விமானம் போவதை அண்ணாந்து பார்த்ததுதான் எங்கட விமான அனுபவம். ஆனாலும் "போடு" என்றோம். சொன்னது நாங்கள்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத எங்களுக்கு உரிமை இல்லை.

அவள் போட்டாள். அவளுடைய அம்மா குவைத்தில் பதினொரு வருஷம் வீட்டுவேலை செய்து அனுப்பிய காசில் மூன்று லட்சம். மச்சானின் அம்மா, அதாவது இவளுடைய மாமி, இங்கே பக்கத்து ஊரில்தான் இருக்கிறா. ரூபாயை மாமியின் கையில் கொடுத்தாள். மச்சான் அங்கே தன்னுடைய கணக்கில் டொலருக்குப் பங்கு வாங்கினான். ஒரு ஸ்க்ரீன்ஷொட் வந்தது. அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் விலை பாதிக்குக் கீழே போனது. "இப்ப வித்தா நட்டம், பொறு" என்றான் மச்சான். மறுகா அவனுடைய பதில்கள் சுருங்கின. பிறகு நீல நிற டிக் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. இதற்கிடையில் அம்மா நாரி நோவோடு ஊருக்குத் திரும்பி வந்துவிட்டா. மகள் எல்லாவற்றையும் சொல்ல, எட்டாம் வகுப்பு வரை படித்த அந்த அம்மா கேட்டது ஒரேயொரு கேள்வி.

"பங்கு யாருட பேரில கிடக்கு, மனே?"

கலைப் பீடத்தில் மூன்று வருஷமாக முதலாளித்துவம், உலகமயமாதல் என்று ஒப்படை எழுதும் எங்களில் ஒருத்தருக்கும் அந்த இரவில் இந்தக் கேள்வி வரவில்லை. அவளுடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறோம். எங்கட சண்டை அந்த மச்சானோடு இல்லை. "சும்மாதானே கிடக்கு" என்ற சொல்லோடும், அந்தச் சொல்லை எங்களுக்குப் பழக்கியவர்களோடும்தான்.

முதலில் அந்தத் தொழிலுக்கு நியாயம் செய்வோம். காசு போன பிறகுதான் நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். வாசித்தபோது வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அது விளங்காத விஷயமே இல்லை.

கட்டுநாயக்கவில் ஒருத்தர் விமானம் ஏறுகிறார். தோஹாவில் இறங்கி வேறொரு கம்பனியின் விமானத்துக்கு மாறி கனடா போகிறார். டிக்கெட்டை விற்றது மட்டக்களப்பு டவுனில் உள்ள ஒரு ஏஜென்சி. பயணி ஒரே தடவையில் காசைக் கட்டிவிட்டார். அதில் முதல் கம்பனிக்கு எவ்வளவு, இரண்டாவது கம்பனிக்கு எவ்வளவு? ஏஜென்சிக்கு எவ்வளவு, விமான நிலைய வரி எவ்வளவு? இடையில் பயணி திகதியை மாற்றினால் யார் யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான டிக்கெட்டுகளுக்கு இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இருக்கையைப் பதிவு செய்ய ஒரு மென்பொருள், காசைப் பிரிக்க இன்னொன்று, விமானிகளையும் பணியாளர்களையும் எந்த விமானத்தில் போடுவது என்று பார்க்க மற்றொன்று. இதுதான் எயார்லைன் சொப்ட்வெயார். அமெரிக்கன் எயார்லைன்சும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் ஓடவிட்ட சேபர் என்ற பதிவு முறையோடு இந்தத் தொழில் பெரிதாகத் தொடங்கியது.

இதில் சின்னக் கம்பனிகளும் பிழைத்திருக்கின்றன. எங்களுக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் 1982இல் நரேந்திர காலே தொடங்கிய காலே கன்சல்டன்ட்ஸ், விமானக் கம்பனிகளின் வருமானக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளில் பெயர் எடுத்தது. 1999இல் பங்குச்சந்தைக்கு வந்தது. பத்து வருஷம் கழிய, அதே தொழில் செய்யும் அக்சேலியா என்ற ஐரோப்பியக் குழு அதன் பெரும்பான்மையை வாங்கியது. பிறகு அந்தக் குழுவையே 2017இல் வார்பர்க் பின்கஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனமும், சில வருஷத்தில் அதனிடமிருந்து விஸ்டா என்ற இன்னொரு நிறுவனமும் வாங்கின. பெயர் மாறியது, முதலாளிகள் மாறினார்கள், கம்பனி இன்னும் மும்பைச் சந்தையில் நிற்கிறது. பங்கிலாபம் கொடுப்பதில் பேர்போன கம்பனி அது.

ஏன் நிற்கிறது? விமானக் கம்பனி ஒருமுறை ஒரு மென்பொருளுக்குள் போனால் லேசில் வெளியே வராது. மாற்றுவது ஓடுகிற பஸ்ஸுக்கு இன்ஜின் மாற்றுவது மாதிரி. மாற்றாமல் விட்டாலும் ஆபத்துத்தான். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் எயார்லைன்ஸ் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பறப்புகளை ரத்துச் செய்தது. தொடக்கி வைத்தது பனிப்புயல். ஆனால் மற்றக் கம்பனிகள் எழும்பிய பிறகும் சவுத்வெஸ்ட் விழுந்து கிடந்ததற்குக் காரணம், பணியாளர்களை ஒழுங்குபடுத்தும் அதன் பழைய மென்பொருள் அந்தக் குழப்பத்தைத் தாங்கவில்லை என்பதுதான். ஆகவே மச்சான் சொன்ன துறையில் பொய் இல்லை. நல்ல மென்பொருளுக்கு விமானக் கம்பனிகள் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே துறைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதை அந்தக் குரல் செய்தி சொல்லவில்லை. இப்படியான கம்பனிகள் பலவற்றுக்கு வருமானம், எத்தனை டிக்கெட் விற்றது, எத்தனை பயணி ஏறினார் என்ற எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆள் பறந்தால் காசு. பறக்காவிட்டால் இல்லை. 2020இல் உலகம் முழுக்க விமானப் பயணிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 60 வீதம் விழுந்தது. கட்டுநாயக்க விமான நிலையம் அந்த மார்ச்சில் மூடி, சாதாரண பயணிகளுக்காகத் திரும்பத் திறந்தது 2021 ஜனவரியில். மென்பொருளில் ஒரு பிழையும் இல்லாமலே வருமானம் போகும். வாடிக்கையாளர் என்று இருப்பவர்களும் விமானக் கம்பனிகள்தான். இந்தியாவில் 2012இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் எயார்வேஸ் நின்றது. கடைக்காரன் நல்லவனாக இருந்தாலும், கடன் வாங்கிய வாடிக்கையாளர்கள் எல்லாரும் படுத்துவிட்டால் கொப்பியில் எழுதி வைத்த கணக்கைச் சாப்பிட ஒண்ணாது.

கொப்பி என்றதும் டேட்டாலெக்ஸ் கதைக்கு வரவேண்டும். அயர்லாந்தின் டப்ளினில் உள்ள கம்பனி. விமானக் கம்பனிகள் தங்கட இணையத்தளத்தில் டிக்கெட் விற்பதற்கான மென்பொருளைச் செய்தது. எயார் லிங்கஸ், ஜெட்புளூ போன்றவை அதன் வாடிக்கையாளர்கள். ஜேர்மனியின் லுஃப்தான்சா குழுவோடு பெரிய ஒப்பந்தம் கிடைத்தது. சின்னக் கம்பனி, பெரிய வாடிக்கையாளர், வளரும் துறை. மச்சான் அனுப்பிய குரல் செய்தியை அப்படியே டப்ளினுக்கும் அனுப்பியிருக்கலாம். 2019 ஜனவரியில் கம்பனி ஒரு அறிவித்தல் விட்டது. முந்திய வருஷத்தின் வருமானத்தில் ஒரு பகுதி பிழையாகக் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கலாம், லாபம் என்று எதிர்பார்த்த இடத்தில் நட்டம் வரும் என்பதுதான் அதன் சாரம். ஒரே நாளில் பங்கின் பெறுமதி பாதிக்கு மேல் காணாமல் போனது. வருடாந்த அறிக்கையை நேரத்துக்கு வெளியிட முடியாமல் அந்த மே மாதம் பங்கு வியாபாரமே நிறுத்தி வைக்கப்பட்டது. லுஃப்தான்சாவும் ஒப்பந்தத்தை முறித்தது.

பிழையின் உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தால் எங்கட ஊர்க் கொத்தனாருக்கும் விளங்கும். வீடு கட்ட ஒப்பந்தம் எடுத்தவர், அத்திவாரம் போட்டுவிட்டு, கூரை வேலைக்கான காசையும் "உழைச்சாச்சு" என்று கொப்பியில் எழுதிய கதைதான் அது. நீண்டகால மென்பொருள் ஒப்பந்தத்தில் எவ்வளவு வேலை முடிந்தது, எவ்வளவு வருமானம் இந்த வருஷத்துக்கு உரியது என்று தீர்மானிப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்குள்தான் பிழையும் ஒளிந்துகொள்ளும்.

இப்போது அந்த அம்மாவின் கேள்வியை இந்த இரண்டு கம்பனிகளுக்கும் போட்டுப் பாருங்கள்.

டேட்டாலெக்ஸில் காசு இழந்த டப்ளின்காரனுக்கு நட்டம்தான். ஆனால் கம்பனியின் பதிவேட்டில் அவனுடைய பேர் இருந்தது. அறிவித்தல் அவனுக்கு வரும். பொதுக்கூட்டத்துக்குப் போய் எழும்பி நின்று "என்னடா செய்தீங்க" என்று கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. காலே கன்சல்டன்ட்ஸ் கைமாறியபோதும் அப்படித்தான். ஒரு கம்பனியின் கட்டுப்பாடு கைமாறினால், வாங்குகிறவர் சின்னப் பங்குதாரர்களிடமும் குறிப்பிட்ட அளவு பங்கை வாங்க முன்வர வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அந்த அழைப்பு யாருக்குப் போகும்? பதிவேட்டில் பேர் உள்ளவருக்கு. பங்கிலாபம் யாருடைய கணக்குக்குப் போகும்? அவருக்குத்தான்.

எங்கட கூட்டாளியிடம் இருப்பது ஒரு ஸ்க்ரீன்ஷொட். நாளைக்கு அந்தப் பங்கு பத்து மடங்கு ஏறினாலும் அது மச்சானின் பங்கு. விழுந்தால் மட்டும் அம்மாவின் நட்டம். ரூபாயை இங்கே கொடுத்து டொலரை அங்கே போடும் இந்தக் கைமாற்று, அங்கீகரிக்கப்பட்ட எந்த வங்கி வழியாகவும் போகவில்லை. ரசீது இல்லை. முறைப்பாடு எழுதப் போனால் எதை எழுதுவது? 2020 ஏப்ரலில் டொலர் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி வெளிநாட்டு முதலீட்டுக்குக் காசு அனுப்புவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாலும், வந்தாறுமூலையில் படிக்கும் ஒரு பிள்ளை வட அமெரிக்கச் சந்தையில் தன் பேரில் பங்கு வாங்குவது இன்றைக்கும் லேசான காரியம் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் மச்சான்மார் வருகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவனும் தன்னுடைய காசைப் போட்டு இழந்திருப்பான். வெட்கத்தில் பதில் எழுதாமல் இருப்பான். ஆனால் உறவு என்பது ரசீது ஆகாது.

இதைச் சொன்னதும் இரண்டு பக்கத்தில் இருந்து இரண்டு பேர் எழும்பி வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

முதலாமவர், கோட் போட்ட அண்ணா. பள்ளிக்கூட மண்டபங்களிலும் யூடியூப்பிலும் "நிதி அறிவு" வகுப்பு எடுப்பவர். தங்கச்சிமாரே, தம்பிமாரே, காசைத் தூங்கவிடாதீங்க என்பார். துணிவில்லாதவன்தான் ஏழை என்பார். அவருடைய வகுப்பில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். கனவைப் பற்றி ஒரு மணித்தியாலம், காலை ஐந்து மணிக்கு எழும்புவதைப் பற்றி அரை மணித்தியாலம். வருடாந்த அறிக்கை என்ற சொல் ஒருமுறையும் வரவில்லை. கணக்காய்வாளர் என்ற சொல் வரவில்லை. கடைசியில் ஒரு வட்ஸ்அப் குழு லிங்க் வந்தது.

அண்ணா, நாங்கள் துணிவில்லாத சனம் இல்லை. மொழி தெரியாத நாட்டுக்குத் தனியாக விமானம் ஏறிய பெண்களின் பிள்ளைகள் நாங்கள். யுத்தம் முடிந்த பிறகு எங்கட ஊர்களுக்குள் நுண்கடன் கம்பனிகள் வந்தபோது, "காசைத் தூங்கவிடாதீங்க" என்று இதே மாதிரித்தான் சொன்னார்கள். கிழமைக்குக் கிழமை வட்டி வாங்க வாசலில் வந்து நின்றவர்களை எங்களுக்கு முகம் தெரியும். அந்தக் கடன் சுமை எவ்வளவு தூரம் போனது என்றால், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கமே கொண்டுவர வேண்டி வந்தது. 2023இல் ஒன்மேக்ஸ் டிடி, எம்டிஎஃப்ஈ, ஃபாஸ்ட் த்ரீ சைக்கிள் போன்றவற்றைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி அறிவித்தது. எங்கட சனத்துக்குக் குறைவாக இருந்தது துணிவு இல்லை. கையில் எடுத்து வாசிக்கக் கூடிய கடதாசி, தங்கட மொழியில்.

கொழும்புச் சந்தையையாவது நேராகச் சொல்லிக் கொடுத்தீர்களா? 2021இல் அது வெறிபிடித்த மாதிரி ஏறியது. அந்த டிசம்பரில் மனிதவள மென்பொருள் செய்யும் எச்செனிட் கம்பனி பங்கு விற்றபோது, விற்பதற்கு இருந்ததைவிடக் கேட்டவர்கள் அதிகம். 2022 ஜனவரியில் மொத்தப் பங்கு விலைச் சுட்டி 13,000ஐத் தாண்டியது. நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது அந்த ஏப்ரல் 12. ஏப்ரல் 18 தொடக்கம் ஐந்து வேலைநாட்களுக்குச் சந்தையே மூடப்பட்டது. மாத முடிவில் சுட்டி 8,000க்குக் கீழே. ஏறியபோது வீடியோ போட்டவர்கள், இறங்கியபோது தியானம் பற்றி வீடியோ போட்டார்கள். அதற்கு முந்திய அலையும் இருக்கிறது. விலையைச் செயற்கையாக ஏற்றியவர்கள் மீது விசாரணை நடந்துகொண்டிருந்த காலத்தில், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழுவின் தலைவராக இருந்த இந்திராணி சுகததாச 2011 டிசம்பரிலும், அவருக்குப் பிறகு வந்த திலக் கருணாரத்ன 2012 ஆகஸ்டிலும் பதவி விலகினார்கள். காவல்காரரே அடுத்தடுத்துப் போன சந்தையில், தவறு முழுக்கத் துணிவில்லாத ஏழையுடையது என்று எப்படி அண்ணா சொல்லுவீங்க?

இரண்டாமவர் எங்களுக்கு இன்னும் கிட்ட இருப்பவர். கன்டீன் தோழர். "பங்குச்சந்தை என்றாலே சூதாட்டம். அதைப் பற்றிப் படிப்பதே முதலாளிக்கு வேலை செய்வது" என்பார். நல்லது தோழர். ஆனால் நீங்கள் சந்தைக்குப் போகாவிட்டாலும் சந்தை உங்கட வீட்டுக்கு வந்து கனகாலம். உங்கட அப்பா வேலை செய்த காலம் முழுக்கச் சம்பளத்தில் வெட்டிய ஊழியர் சேமலாப நிதியை மத்திய வங்கிதான் நிர்வகிக்கிறது. அந்த நிதி கொழும்புச் சந்தையில் பங்கு வாங்கியது. ஸ்ரீலங்கன் எயார்லைன்சின் பங்குகளையும் வாங்கியது. அப்பாவிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஸ்ரீலங்கனின் கதையையே எடுங்கள். 1998இல் எமிரேட்ஸ் கம்பனிக்குப் பங்கும் நிர்வாகமும் கொடுக்கப்பட்டன. 2008இல் அந்த நிர்வாக ஒப்பந்தம் முடிந்தது. 2010இல் அரசாங்கம் அந்தப் பங்குகளை 5 கோடி டொலருக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதன் பிறகு பல வருஷம் நட்டம், அரசாங்கப் பிணை, அரச வங்கிக் கடன். ஸ்ரீலங்கன் 17.5 கோடி டொலர் கடன் பத்திரம் எடுக்க, அரசாங்கம் அதற்குப் பிணை நின்றது. அந்தப் பிணை என்பது நாங்கள் கட்டும் வரிதான். விமானத்தில் ஏறாத எங்கட அஞ்சு பேரும் ஒரு எயார்லைனின் பங்காளிகள். பேர் மட்டும் பதிவேட்டில் இல்லை. அந்தக் கம்பனியின் கணக்கை வாசிக்கத் தெரியாமல் அதை விற்பதா வைத்திருப்பதா என்று கன்டீனில் சத்தம் போடுகிறோம். சூதாட்டம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், மேசையில் உங்கட அப்பாவின் காசை வைத்து மற்றவர் விளையாடுவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணாவும் தோழரும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைத்திருந்தோம். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: வாசிக்காதே. ஒருத்தர் "நம்பிப் போடு" என்கிறார், மற்றவர் "நம்பாமல் விடு" என்கிறார். கடதாசியை எடுத்துப் பார் என்று இருவரும் சொல்லவில்லை.

எங்கட அம்மாமாரிடம் இதைவிட நல்ல முறை இருக்கிறது. சீட்டுப் போடும்போது என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பிடிக்கிறது யார்? அவளுக்கு வேற கடன் இருக்கா? எத்தனை பேர்? முதல் சீட்டு யாருக்கு? ஒருத்தி இடையில நிண்டா யார் கட்டுறது? கொப்பி யாரிட்ட? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் பிழைத்தாலும் "எனக்கு வேணாங்கா" என்று எழும்பிப் போய்விடுவார்கள். ஐயாயிரம் ரூபாய்ச் சீட்டுக்கு இவ்வளவு கேள்வி. மூன்று லட்சத்துக்கு நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏனென்றால் அது ஆங்கிலத்தில் இருந்தது, கனடாவில் இருந்து வந்தது, விமானம் சம்பந்தப்பட்டது. இதற்குப் பேர் பொருளாதார அறிவின்மை இல்லை, அடிமைப் புத்தி. நாங்கள் எங்களைத்தான் சொல்கிறோம்.

அதே சீட்டுக் கேள்விகளை ஒரு சின்ன எயார்லைன் மென்பொருள் கம்பனிக்குப் போடலாம். இவர்களுக்குக் காசு கொடுப்பது எத்தனை விமானக் கம்பனி? ஒன்று போனால் வருமானத்தில் எவ்வளவு போகும்? காசு ஆண்டுக் கட்டணமாக வருதா, பயணி எண்ணிக்கையில் வருதா? லாபம் என்று எழுதியது கைக்கு வந்த காசா, வரவேண்டிய காசா? பெரும்பான்மைப் பங்கு யாரிடம், அவர் விற்றுவிட்டுப் போனால் எங்களுக்கு என்ன உரிமை? கணக்காய்வாளர் ஏதாவது குறை எழுதியிருக்கிறாரா? கடைசியாக, முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டியது: பங்கு யாருட பேரில? இவ்வளவுக்கும் வருடாந்த அறிக்கையில் பதில் இருக்கும். இல்லாவிட்டால், இல்லை என்பதே பதில்.

காசு போன பிறகு அந்தக் கம்பனியின் அறிக்கையை இறக்கி, ஏழு பேரும் மூன்று கிழமை இருந்து வாசித்தோம். அகராதி வைத்துக்கொண்டு வாசித்தோம். வருமானத்தின் பெரும்பகுதி இரண்டே இரண்டு வாடிக்கையாளரிடம் இருந்து வருகிறது என்பதும், அதில் ஒருத்தரின் ஒப்பந்தம் முடியப் போகிறது என்பதும் குறிப்புகளில் வெளிச்சமாக எழுதிக் கிடந்தது. ஒருத்தரும் ஒளிக்கவில்லை. மச்சான் வாசிக்கவில்லை, நாங்கள் வாசிக்கவில்லை. ஒரு நாவலில் எழுதாமல் விட்ட வரியைப் பற்றிப் பதினைந்து பக்கம் எழுதத் தெரிந்த எங்களுக்கு, எழுதி வைத்த வரியை வாசிக்க நேரம் இருக்கவில்லை. இது வணிக பீடத்தின் வேலை என்று சொல்லித் தப்ப முடியாது. வாசிப்புத்தான் எங்கட தொழில்.

ஆகவே இனிச் செய்யப் போவதைச் சொல்கிறோம். எங்கட வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு கம்பனியின் வருடாந்த அறிக்கை வாசிக்கப்படும். முதலாவது, ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ். அது எங்கட கம்பனி என்பதால். வாசித்ததைத் தமிழில், சீட்டுப் போடும் அம்மாவுக்கு விளங்கும் மாதிரி, இங்கேயே எழுதுவோம். எந்தப் பங்கை வாங்கு, எதை விடு என்று ஒருபோதும் சொல்ல மாட்டோம். குரல் செய்தி அனுப்பும் மச்சான்மாரின் வரிசையில் நாங்களும் போய் நிற்க விருப்பமில்லை. பங்கு வாங்க வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள், கொழும்புச் சந்தையில் சொந்தப் பேரில் கணக்குத் திறக்கலாம். போனிலேயே செய்யலாம். இழந்தாலும் உங்கட பேரில் இழப்பீர்கள். கேள்வி கேட்க உரிமை மிஞ்சும்.

நிதி அறிவு வகுப்பு வைக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கோட் போட்ட அண்ணாவைக் கூப்பிடும்போது, ஒரு கம்பனியின் அறிக்கையைக் கையில் கொடுத்து, ஒரு பக்கத்தைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கொழும்புச் சந்தையில் உள்ள கம்பனிகளுக்கும் ஒன்று. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் சோப்பும் சிம் கார்ட்டும் பிஸ்கட்டும் விற்கும்போது உங்கட விளம்பரம் தமிழில் வருகிறது. கணக்கு வரும்போது மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நிற்கிறது?

அந்தக் காசு இன்னும் வரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடித்த இரவு எங்கட கூட்டாளி மச்சானுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ஏசவில்லை, அழவில்லை. எத்தனை பங்கு, என்ன விலைக்கு வாங்கினது, எந்தக் கணக்கில் கிடக்கு என்று ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, விழுந்த விலைக்கென்றாலும் பரவாயில்லை என்று கேட்டிருக்கிறாள்.

அம்மா பதினொரு வருஷம் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. அவட காசும் சும்மா கிடக்கவில்லை.